போர்டில் முதல் பெயர்

அந்த டீச்சரை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர்கள் தன்னுடைய வகுப்புக்கு வெளியே, பூவரச மரத்தடியில், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். உள்ளே ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நான் போனது சண்டை போட. என் மகள் லீடர் ஆன முதல் நாளே அவள் பெயரைப் போர்டில் எழுதி வெளியே நிற்க வைத்துவிட்டார்கள் என்று முந்தின நாள் அழுதுகொண்டு வந்திருந்தாள். சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசத் தெரியாத பிள்ளை. வகுப்பில் பேசினாள் என்றால் மாதா கோயில் சுரூபம் பேசியது என்கிற மாதிரி.

“என் பிள்ளை என்ன தப்பு செஞ்சா டீச்சர்? அவ பேரை எதுக்கு போர்டுல எழுதுனிய?”

“கொஞ்சம் பொறுங்கம்மா. இன்னும் ரெண்டு நிமிஷம் கெடக்கு.”

“என்ன ரெண்டு நிமிஷம்?”

“இன்னைக்கு நான் லேட்டு. ஹார்பர் ரோட்டுல லாரி மறிச்சிட்டு. லேட்டா வந்தா அஞ்சு நிமிஷம் வெளிய நிக்கணும்லா?”

கதவு வழியாகப் போர்டைப் பார்த்தேன். டீச்சருடைய பெயர் இருந்தது. எழுதியிருந்தது என் மகள். அவளுடைய ‘ர’ எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். 

டீச்சர் பெயரை நான் இதில் எழுதப்போவதில்லை. நல்லது சொல்லுகிற இடத்தில் தன் பெயர் வந்தால் அவர்களுக்குக் கூச்சம் வந்துவிடும். ஒரு தடவை சுதந்திர தினத்தன்று மேடையில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியபோது, துண்டைக் கழற்றும் அவசரத்தில் மூக்குக்கண்ணாடியையும் சேர்த்துக் கழற்றிக் கீழே போட்டுவிட்டார்கள், பிள்ளைகளெல்லாம் தேடிக் கொடுத்தார்கள். ஆகவே டீச்சர் என்றே சொல்கிறேன். பிள்ளைகள் வைத்த பெயர் வேறு: முதப்பேர் டீச்சர்.

அது எப்படி வந்தது என்றால், பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்கும் இந்தப் பழக்கம் தெரியும். டீச்சர் வெளியே போனால் லீடர் எழுந்து, பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவான். தனக்கு ஆகாதவன் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறியாகப் போட்டுக்கொண்டே போவான். மிட்டாய் கொடுத்தால் அழிப்பான். நானும் எட்டாம் வகுப்புவரை அப்படித்தான் மிட்டாய் கொடுத்திருக்கிறேன். இந்த டீச்சர் அந்தப் பழக்கத்தை விட்டுவிடவில்லை. ஒன்றை மட்டும் மாற்றினார்கள். பெயர் எழுதுகிறவன் தன் பெயரை முதலில் எழுத வேண்டும். எழுதப்பட்டவர்களைக் கூட்டம் கூட்டமாக வெளியே நிறுத்தினால் ஒவ்வொரு கூட்டத்தோடும் அவனும் நிற்க வேண்டும். தப்பு டீச்சருடையது என்றால் டீச்சர் பெயர் மட்டும்தான்.

ரெண்டு நிமிஷம் முடிந்ததும் அதைத்தான் எனக்கு விளக்கினார்கள்.

“லீடர்னா காட்டிக் குடுக்குத ஆளில்லம்மா. வகுப்புல தப்பு நடந்தா முதப் பேரு அவளுது. பெறவுதான் மத்தவங்க பேரு.”

“அப்ப லீடரா இருந்து என்ன லாபம் டீச்சர்?”

“ஒரு லாபமும் இல்ல,” என்று சிரித்தார்கள். “ஒரு வாரந்தான். அடுத்த வாரம் வேற பிள்ளைக்கு இந்தக் கஷ்டம்.”

டீச்சருக்கு ஐம்பது வயதை ஒட்டியிருக்கும். உடன்குடிப் பக்கம் சொந்த ஊர், பனங்காட்டு ஆட்கள். இங்கே முத்தையாபுரத்தில் அண்ணன் வீட்டோடு இருந்தார்கள். தினமும் ஒரு ஆண்பிள்ளைக் குடை, ஒரு துணிப்பை, இடது தோளில் சுண்ணாம்புத் தூள். அந்தத் தோளில் எதற்குத் தூள் ஒட்டுகிறது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. வெள்ளிக்கிழமை நெற்றியில் திருநீறு. எங்கள் மாதா கோயில் கொடியேற்றத்துக்கும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பேச்சில் அறிவுரை என்று ஒன்றும் இருக்காது. எந்தப் பஞ்சாயத்து வந்தாலும் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, “சரி, முதப் பேரு யாரு?” என்பார்கள். அவ்வளவுதான்.

ஒரு பையன் லீடரானான். மற்றவர்கள் மேல் இருந்த கோபத்தையெல்லாம் அந்த ஒரே வாரத்தில் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்து, ஒரு பாடவேளையில் போர்டு கொள்ளாமல் பெயர் எழுதிவிட்டான். டீச்சர் வந்து பார்த்தார்கள். ஐந்து ஐந்து பேராக வெளியே அனுப்பினார்கள். ஒவ்வொரு ஐந்து பேரோடும் அவனும் போனான். போன ஐந்து பேர் உள்ளே வருவார்கள், இவன் மட்டும் அங்கேயே நிற்பான். மத்தியானம் நான் பள்ளிக்கூட வாசலில் அவனைப் பார்த்தபோது, “ஆன்டி, லீடரா இருக்கது ரொம்ப வலிக்கி,” என்று முழங்காலைப் பிடித்துக் காட்டினான். மறுநாள் அவன் போர்டில் ஒரு பெயர்கூட எழுதவில்லையாம். பேசியவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, “ஏலே, உன் காலைப் பிடிக்கேன், கொஞ்சம் சும்மா இரி,” என்று கெஞ்சினானாம். வகுப்பும் சும்மா இருந்திருக்கிறது.

ஹெட்மாஸ்டருக்கு இதெல்லாம் பிடிக்காது. நல்ல மனிதர்தான், ஆனால் மரியாதை போய்விடும் என்று பயப்படுகிறவர்.

“டீச்சர், நீங்க இப்படி மரத்தடியில நின்னா பிள்ளைய உங்களை எப்படி மதிக்கும்?”

“மதிக்கதைப் பெறவு பாப்போம் சார். அஞ்சு நிமிஷம் முடியட்டும்.”

மாணவர்களுக்குத் தலைமைப் பண்பு கற்பிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு வருஷம் வழவழப்பான புத்தகம் ஒன்று வந்தது. டீச்சர் அதை ஒரு வாரம் பஸ்ஸிலேயே படித்து முடித்தார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “எல்லாம் நல்லாத்தாம்மா எழுதியிருக்காங்க. எப்படிப் பேசணும், எப்படி நிக்கணும், எப்படி ஜெயிக்கணும், எல்லாம் இருக்கு. தப்பு செஞ்சிட்டா என்ன செய்யணும்னு ஒரு பக்கம்கூட இல்ல. அந்தப் பக்கத்தை நாமதான் எழுதணும் போல,” என்றார்கள்.

அந்தப் பக்கத்தை அவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதற்குத் திரேஸ்புரத்தில் எங்கள் தெருவே சாட்சி. ஒரு சாயங்காலம் குடையை ஊன்றிக்கொண்டு டீச்சர் எங்கள் தெருவுக்குள் வந்தார்கள். டீச்சர் வீடு தேடி வந்தால் பையன் ஏதோ செய்துவிட்டான் என்று அர்த்தம். அவர்கள் வகுப்பில் படித்த எங்கள் தெருப் பையன் ஒருவனும் அப்படியே நினைத்து, கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். டீச்சர் அவன் வீட்டு வாசலில் கிடந்த வலைக் குவியல் மேல் உட்கார்ந்தார்கள்.

“அவனைக் கூப்பிடுங்க. நான் அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“என்ன டீச்சர் எடுத்தான்?” என்று அவன் அப்பன் கை ஓங்கிக்கொண்டே எழுந்தான்.

“எடுக்கல. என் பேனாவை எடுத்துட்டான்னு வகுப்புல வச்சுத் திட்டிட்டேன். பேனா என் பையிலேயே கெடந்துச்சு. வகுப்புல எல்லார் முன்னாடியும் என் தப்புன்னு சொல்லிட்டேன். இவன் ரெண்டு நாளா வரல. இவன்கிட்ட சொல்லாண்டாமா? அதான் வந்தேன்.”

அப்பன் ஓங்கின கையை இறக்கினான். “அதுக்கென்ன டீச்சர். இன்னைக்கு எடுக்கலன்னா நாளைக்கு எடுப்பான். திட்டினது இருக்கட்டும், அதுக்கு வச்சுக்கிடுங்க.”

தெருவே சிரித்தது. டீச்சரும் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பையன் வள்ளத்திலிருந்து இறங்கி வரும்வரை எழுந்திருக்கவில்லை. அவன் வந்ததும் எழுந்து நின்று, பெரிய ஆளிடம் சொல்லுவதுபோல, “தம்பி, நான் திட்டினது தப்பு,” என்றார்கள். அவன் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். அடி வாங்கியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இந்தப் பழக்கம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஒரு நாள் நான் வாசலில் பேசிக்கொண்டிருக்கையில் குசினியில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்துவிட்டது. “பாத்துக்கிட மாட்டியாளா?” என்று மகளை ஏசினேன். அவள் கரித்துணியால் துடைத்துக்கொண்டே மெதுவாக, “முதப் பேரு யாரும்மா?” என்றாள். என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த காப்பி வெளியே வந்துவிட்டது.

“இந்த டீச்சர் ஒரு நாள் வசமா மாட்டும் பாரு,” என்றார் சிரிப்பு அடங்கினதும். “ஊர்ல எல்லாரும் தப்பைத் தூக்கிட்டு ஆள் தேடி அலையான். இவிய முன்னால போய்த் தலையை நீட்டுதாவ.”

அவர் சொன்னது என் கையாலேயே நடக்கும் என்று அன்றைக்குத் தெரியாது.

பள்ளி மேலாண்மைக் குழு என்று அரசாங்கம் ஒன்று வைத்திருக்கிறது. பெற்றோர்களில் ஒருவர்தான் தலைவர். அந்த வருஷம் எல்லோரும் ஆளுக்கு ஒரு காரணம் சொல்லி விலகி, கடைசியில் என்னைத் தள்ளிவிட்டார்கள். முதல் கூட்டத்தில் நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். டீச்சர்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு, “இங்கன இரிங்க. நீங்கதான தலைவி,” என்று உட்கார வைத்தார்கள். வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமைதான் பின்னால் என்னைக் கெடுத்தது என்று இப்போது தெரிகிறது.

மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைத் தருவைகுளத்துப் பக்கம் கடற்கரைக்கு ஒரு நாள் முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போக ஏற்பாடானது. பிள்ளைகளைக் குழு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொறுப்பு. கரையைச் சுத்தம் செய்வது, தண்ணீர் பார்ப்பது, சின்னவர்களைக் கவனிப்பது. அனுமதிக் கடிதத்தில் டீச்சர் எல்லாம் எழுதியிருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு எங்கள் மேலாண்மைக் குழுவின் பொறுப்பு. எலுமிச்சம்பழச் சாதம், உருளைக்கிழங்கு. வேறு எதுவும் கூடாது.

எங்களுக்கு அது ஆகுமா? கடற்கரைக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிடுவதா? அதுவும் தலைவி வீட்டில் வள்ளம் இருக்கையில்? ஒரு மீனும் இல்லாமல் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள் என்று நாளைக்குத் தெருவில் பேச மாட்டார்களா? எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. சாவு வீட்டில் எட்டு நாள் மீன் இல்லாமல் இருப்போம். மற்ற எந்த நாளிலும் ஒரு ஆளை மீன் இல்லாமல் உட்கார வைத்தால் நமக்கு உடம்பு கூசும்.

அந்த வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரரின் வள்ளம் வந்தது. இஞ்சின் மக்கர் பண்ணி, வர வேண்டிய நாளுக்கு மறுநாள் கரை சேர்ந்தது. பெட்டியில் இருந்த ஐஸெல்லாம் தண்ணீராகப் போயிருந்தது. உள்ளே சூரை மீன்.

“கறிக்கு எடுத்துராத,” என்றார். “இது ஐஸ் இல்லாமக் கெடந்த சூரை. தின்னா உடம்பெல்லாம் சொறியும். கோழித் தீவனத்துக்கு வாங்குத வண்டி வரும், தள்ளிவிட்டுரு.”

மகள் பக்கத்தில் உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். அவளும் கேட்டாள்.

எனக்குத் தெரியாதா? சூரை வெயிலில் கிடந்தால் அதில் ஏறுகிற நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. கரையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் ரெண்டு மூன்று மீன் கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருந்தது. மோந்து பார்த்தேன், வாடை இல்லை. புளியைக் கெட்டியாகக் கரைத்து நன்றாகக் கொதிக்க வைத்தால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விடியற்காலையில் எழுந்து ஒரு பெரிய சட்டி குழம்பு வைத்தேன். வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே நான் சட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைப்பதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சட்டியைப் பார்த்ததும் டீச்சர் தயங்கினார்கள். “எலுமிச்சம்பழச் சாதந்தான எழுதியிருந்தேன்?”

“அதுவும் இருக்கு டீச்சர். இது பிள்ளைய ஆசைக்கு.”

பிள்ளைகள் சட்டியைச் சுற்றி நின்றன. டீச்சர் அவர்கள் முகத்தைப் பார்த்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள். “சரி, கொண்டு வந்துட்டிய. போடுங்க,” என்றார்கள். அவர்களும் சாப்பிட்டார்கள். ரெண்டாந்தடவை குழம்பு வாங்கி, “உங்க கைமணம் வேற யாருக்கும் வராதும்மா,” என்றார்கள். நான் பூரித்துப் போனேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்காது. முதலில் ஒரு பிள்ளை கழுத்தைச் சொறிந்தது. அப்புறம் இன்னொன்று. முகமெல்லாம் செம்பருத்தி மாதிரி சிவந்து, உதடு தடித்து, தலை வலிக்கிறது என்று மணலில் படுத்தன. வாந்தி. என் மகளும். டீச்சருக்குக் கண் இமை ரெண்டும் வீங்கிப் பார்வையே மறைத்தது. அப்படியும் ஒவ்வொரு பிள்ளையாக எண்ணி ஆம்புலன்ஸிலும் வேனிலும் ஏற்றினார்கள். பரிமாறிவிட்டு இன்னும் சாப்பிடாத நான் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. என் கை அந்தச் சட்டியை விடவேயில்லை.

ஆண்டவர் கிருபையால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஊசி போட்டு, சாயங்காலத்துக்குள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டார்கள். அதற்குள் ஆஸ்பத்திரி வாசலில் தாய்தகப்பன்மார் கூடிவிட்டார்கள். டாக்டர் மீன் என்று சொல்லிவிட்டார்.

“என்ன மீனுளா அது? எப்ப பிடிச்சது?” என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

“இன்னைக்குக் காலையில வந்த மீனு,” என்றேன். “நல்ல மீனுதான். சூரை சில உடம்புக்குச் சேராதுலா.”

சொல்லும்போது என் மகள் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டீச்சர் வீங்கின முகத்தோடு கூட்டத்துக்கு நடுவில் வந்தார்கள். “அவியளை விடுங்க. வேற சாப்பாடு கூடாதுன்னு எழுதினவ நான். போடுங்கன்னு சொன்னவளும் நான். எப்ப வந்த மீனுன்னு ஒரு வார்த்தை கேக்கல. அறிவியல் சொல்லிக் குடுக்குத எனக்கு அது தெரிஞ்சிருக்கணும். என் பேரை எழுதிக்கிடுங்க.” ஆண்கள் ரெண்டு பேர் கெட்ட வார்த்தை பேசினார்கள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள்.

என் பக்கம் அவர்கள் திரும்பவே இல்லை. அது பெருந்தன்மையா, அல்லது உண்மையிலேயே என்னை நம்பினார்களா, எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் எனக்கு அவமானம் ஒன்றுதான்.

திங்கட்கிழமை டீச்சருக்கு மெமோ வந்தது. வியாழக்கிழமை அதிகாரி வந்து விசாரிப்பார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தாலும் வைப்பார்கள் என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். குழுத் தலைவி என்ற முறையில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

“வாயை மூடிட்டு இரி,” என்றார் வீட்டுக்காரர். “உண்மையைச் சொன்னா நம்ம மீனுன்னாலே ஊரு மூக்கைப் பொத்தும். ஒருத்தன் வாங்க மாட்டான். அவியளுக்குக் கவர்மெண்டு வேலை, ஒரு மெமோவுக்கு ஒண்ணும் ஆயிராது. நமக்கு இருக்கது ஒத்த வள்ளம்.”

அவர் சொல்வதும் நியாயம்தான். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

என் மகள் வீட்டில் தம்ளர் உருண்டாலும் முதப் பேரு யாரு என்று கேட்கிற பிள்ளை, அந்த நாலு நாளும் கேட்கவில்லை. புதன்கிழமை சோற்றைப் பிசைந்துகொண்டே, “டீச்சரை வேலையை விட்டு நிப்பாட்டிருவாங்களாம்மா?” என்றாள்.

“அதுக்கு நான் என்னளா செய்ய?” என்று கத்தினேன்.

“ஒண்ணும் செய்யாண்டாம்,” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய் வாசலில் உட்கார்ந்தாள்.

அந்த ஒரு வார்த்தை என்னைக் கொன்றுவிட்டது.

வியாழக்கிழமை காலைப் பூசைக்குப் போனேன். பாவத்தை ஏற்று எல்லோரும் நெஞ்சில் தட்டிக்கொள்ளும் செபம் வந்தது. பேசத் தெரிந்த நாளிலிருந்து சொல்லுகிற செபம். அன்றைக்கு என் கை நெஞ்சுக்குப் போகமாட்டேன் என்றது. பக்கத்தில் ஒரு வயசான பாட்டா, பாவமே அறியாத மனுஷன், டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருக்கிறார். நான் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மரம் மாதிரி நிற்கிறேன். தாயே, உன் முன்னால் தட்டிவிட்டு அங்கே போய்க் கையெழுத்துப் போட்டால் நான் என்ன பிறவி என்று கேட்டுக்கொண்டேன். நற்கருணை வாங்கவில்லை. வீட்டுக்குப் போய், “நான் சொல்லத்தான் போறேன். அடிக்கதுன்னா இப்பமே அடிச்சிருங்க,” என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார்.

ஹெட்மாஸ்டர் அறையில் அதிகாரி மேசைக்குப் பின்னால் இருந்தார். வெளியூர்க்காரர். சுவரோரத்தில் ஒரு பெஞ்சு. அதன் நடுவில் டீச்சர் மடியில் பையை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார்கள். இமை வீக்கம் வற்றியிருந்தது.

“நீங்கதானே தலைவி? எல்லாம் எழுதியாச்சு. டீச்சரே ஒத்துக்கிட்டாங்க. இங்க கையெழுத்துப் போடுங்க.”

பேனாவை வாங்கினேன். “சார், இதுல என் பேரு எங்க?”

“கீழ பாருங்க. சாட்சின்னு போட்டிருக்கே.”

“சாட்சியா இல்ல சார். மேல, டீச்சர் பேருக்கு அடுத்தாப்புல போடுங்க.” சொல்ல ஆரம்பித்ததும் அழுகை வந்துவிட்டது. “அது காலையில வந்த மீனு இல்ல. ஐஸ் இல்லாமக் கெடந்த மீனு. எனக்குத் தெரியும். கறிக்கு எடுக்காதன்னு சொல்லியும் எடுத்தேன். எல்லாரும் என்னைப் பெருமையாப் பேசணும்னு எடுத்தேன். டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது. ஆஸ்பத்திரியில நான் சொன்னது பொய்.”

ஹெட்மாஸ்டர் எழுந்துவிட்டார். “ஏம்மா, சும்மா முடிய வேண்டியதை…”

“இவ சொல்லுதது சரிதான்,” என்று வாசலில் ஒரு குரல். என் வீட்டுக்காரர். கடற்கரையிலிருந்து வந்த கோலம். மடித்துக் கட்டின சாரம், தலையில் துண்டு, காலில் மணல். உள்ளே வரலாமா என்று தெரியாமல் நிலைக்கு வெளியே நின்றார். “மீனு பிடிச்சவன் நான் சார். ஐஸ் போனதும் எனக்குத் தெரியும். இவ சட்டியைத் தூக்கிட்டுப் போகும்போது பல்லைத் தேச்சிட்டுப் பாத்துக்கிட்டேதான் நின்னேன். ஒரு சத்தம் குடுத்திருந்தா சட்டி வீட்டோட நின்னிருக்கும். என் பேரையும் போடுங்க.”

அதிகாரி என் கையிலிருந்த பேனாவை வாங்கிக் கீழே வைத்தார். எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “நானும் இத்தனை வருஷமா விசாரணைக்குப் போறேன். எங்க போனாலும் நான் இல்ல, அவன்னுதான் சொல்லுவாங்க. இங்க என்னய்யா, கியூவுல வர்றீங்க? இனிமே அந்த மீனு ஒண்ணுதான் வந்து பேர் குடுக்கணும்.”

என்ன ஆனது என்றால், டீச்சருக்கு ஒரு எச்சரிக்கை எழுதி, சம்பள உயர்வை ஒரு வருஷம் தள்ளி வைத்தார்கள். வேலை போகவில்லை. அடுத்த வருஷம் வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஹெட்மாஸ்டர் சத்தியம் செய்தார். நான் தலைவி நாற்காலியை விட்டேன். ரெண்டு மாசம் எங்கள் மீனை ஏலத்தில் கேட்க ஆளில்லை. தெருவில் எனக்குச் சூரைத் தலைவி என்று பெயர். இப்போதும் ரெண்டு பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மகள் நர்சிங் படிக்கிறாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த அறையில் அப்புறம் நடந்தது. அதிகாரி புதுத் தாள் எடுத்து எழுதிக்கொண்டிருந்தார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் தலைப்பில் துடைத்தார்கள். துடைத்துக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கண் நனைந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள். பெரிய ஆள் ஒருவர் தானாக வந்து அவர்கள் பெயருக்கு அடுத்த இடம் கேட்டதை அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது.

“நான் கொஞ்சம் முந்திட்டேம்மா,” என்றார்கள் மெதுவாக. “ஆஸ்பத்திரியில உங்களுக்கு வாய் திறக்கவே இடம் விடல. அதுவும் என் தப்புதான்…”

“எம்மா டீச்சர், அதுக்கும் உங்க பேரா?” என்றார் என் வீட்டுக்காரர் வாசலிலிருந்து.

டீச்சர் சிரித்துவிட்டார்கள். கண்ணீரோடு சிரித்துக்கொண்டே, பெஞ்சின் நடுவிலிருந்து ஒரு ஓரத்துக்கு நகர்ந்து, பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, “உள்ள வாங்க அண்ணாச்சி,” என்று பக்கத்தில் கையால் தட்டிக் காட்டினார்கள். அவர் காலின் மணலை வாசலில் தட்டிவிட்டு வந்தார். நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.